தேயிலை: சொல்லும் சுவையும்

சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ கோப்பிக்கடையில் வந்தமரும் தமிழர், “தே ஓ கோசோங்” என்று கேட்பது கெடா மாநிலத்தில் அன்றாட வழக்கு. பாலும் சர்க்கரையும் சேராத தேநீர் என்பது அதன் பொருள். இம்மூன்று சொற்களுள் ‘ஓ’ என்பது ஹொக்கியன் மொழியில் கருமையைக் குறிக்கும். ‘கோசோங்’ என்பது மலாயில் வெறுமையைக் குறிக்கும். எஞ்சி நிற்கும் ‘தே’ எம்மொழிக்கு உரியது?

‘டீ’ ஆங்கிலச் சொல், ‘தேநீர்’ தூய தமிழ்ச் சொல் என்று பள்ளிகளில் சொல்லித் தருவது உண்டு. மாணவர் ‘டீ’ என்று எழுதினால் அதனை அடித்துத் ‘தேநீர்’ என்று திருத்துவதும் உண்டு. திருத்தம் சரியே; அதற்குக் கூறப்படும் காரணம் சரிதானா என்பது ஆராயத்தக்கது. இவ்வாராய்ச்சிக்குச் சீனரின் வெள்ளைத் தேயிலை எதிர்பாராத வகையில் துணைசெய்கிறது.

சொல்லின் பகுதி

தேயிலை என்பதைத் தேய் + இலை எனப் பிரித்து, ‘தேய்க்கப்படும் இலை’ என்று பொருள் கூறுவார் உளர். ஊறுகாய், சுடுகாடு என்பன போல இதனையும் வினைத்தொகை எனக் கொள்ளலாம் என்பது அவர் கருத்து. இலையைக் கசக்கி உருட்டிப் பதப்படுத்தும் தொழிலும் இக்கருத்துக்கு இசைவதுபோல் தோன்றும்.

ஆயினும், ‘தேநீர்’ என்னும் சொல் இதற்கு இடந்தரவில்லை. பகுதி ‘தேய்’ ஆயின் ‘தேய்நீர்’ என்றன்றோ வருதல் வேண்டும்? ஈழத் தமிழர் வழங்கும் ‘தேத்தண்ணி’ என்பதிலும் யகரம் இல்லை. ஆதலின் பகுதி ‘தே’ என்பதே. ஏகாரத்தின் முன் உயிர் வருங்கால் யகரம், வகரம் இரண்டும் உடம்படுமெய்யாக வரும் என்பது நன்னூல் விதி. அவ்விதிப்படியே தே + இலை, தேயிலை ஆயிற்று. ‘தேனீர்’ என்று எழுதுவதும் பிழையே. அது தேன் + நீர் எனப் பிரிந்து, தேன் கலந்த நீரைக் குறிக்கும்.

இனி, ‘தே’ வந்த இடத்தைக் காண்போம். சீனர் தேயிலையை ஓர் எழுத்தால் எழுதுவர். ஒலிப்பு மட்டும் வட்டாரந்தோறும் வேறுபடும். வடசீனத்தாரும் கேன்டனியரும் ‘சா’ என்பர். தென்கிழக்குக் கடற்கரையிலுள்ள ஃபூஜியன் மாநிலத்தின் தென்பகுதி மக்கள் ‘தே’ என்பர். ‘ஹொக்கியன்’ என்ற பெயரே அம்மாநிலப் பெயரை அம்மக்கள் ஒலிக்கும் முறைதான். மக்காவில் தங்கிய போர்த்துக்கீசியர் ‘சா’ என்பதைக் கொண்டனர். தரைவழியே அதே சொல் பாரசீகத்தில் ‘சாய்’ ஆகி, இந்திக்கும் வந்தது. டச்சுக்காரரோ ஃபூஜியன் வணிகரோடு தொடர்பு கொண்டமையால் ‘தே’ என்பதை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். ஆங்கிலத்தில் அது ‘டீ’ ஆயிற்று. மலாய்மொழியின் ‘தே’யும் அவ்வழி வந்ததே.

எனவே, ‘டீ’ அயற்சொல் எனின் ‘தே’யும் அயற்சொல்லே. இரண்டும் ஒரு துறைமுகத்தின் இரு பிள்ளைகள். தமிழுக்கு உரியவை அதனுடன் சேர்ந்த ‘இலை’யும் ‘நீரு’மே ஆகும்.

கடல்வழித் தொடர்பு

தமிழருக்கும் ஃபூஜியனுக்கும் இடையே உள்ள தொடர்பு அண்மைக்காலத்ததன்று. அம்மாநிலத்துச் சுவான்சோ நகரில் தமிழும் சீனமும் பொறித்த கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, சம்பந்தப் பெருமாள் என்பார் அங்குச் சிவபெருமானை எழுந்தருளச் செய்த செய்தியைக் கூறுகிறது. ‘தே’ என்னும் ஒலி வழங்கும் அதே மண்ணில் தமிழர் கோயில் எடுத்து வாழ்ந்தனர் என்பது இதனால் புலனாகும். கல்வெட்டில் தேயிலையைப் பற்றிய பேச்சில்லை. அதனைக் கொண்டு அன்றே அச்சொல் தமிழில் புகுந்தது எனத் துணிதல் பொருந்தாது.

அக்கடல்வழியின் நடுவில் அமைந்தது கெடா. தமிழர் கடாரம் என்றழைத்த அப்பகுதியின் பழமைக்குப் பூஜாங் பள்ளத்தாக்குச் சின்னங்கள் சான்று. கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் எழுப்பியதையும், 1025இல் முதலாம் இராசேந்திரன் கடாரத்தின் மீது படையெடுத்ததையும் வரலாறு படித்தோர் அறிவர். அவற்றிற்கும் முற்பட்ட செய்தி ஒன்று உண்டு. ஈ-சிங் என்னும் சீனத் துறவி 671இல் குவாங்சோவிலிருந்து கப்பலேறினார். சிறீவிசயம் வந்து, பின் ‘சியே-சா’ எனத் தாம் குறிப்பிடும் கெடாவை அடைந்து, 673இல் வங்கக் கரையின் தாமிரலிப்தியில் இறங்கினார். அவர் எழுதிய நூலில், உடற்சூட்டுக்கு ஏற்ற பானங்களுள் ஒன்றாகத் தேயிலையையும் குறிப்பிடுகிறார். கெடா வழியே சென்றவர்களுள், தேயிலையைப் பற்றி எழுதிவைத்த மிகப் பழையவர் அவரே எனலாம்.

தமிழில் இச்சொல் புகுந்ததற்கு இரு வாயில்கள் தென்படுகின்றன. நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் வசம் இருந்தது. அவர் மொழியில் தேயிலைக்குத் ‘தே’ என்றே பெயர். மற்றொன்று மலாய்த் துறைமுகங்களில் தமிழ் வணிகர் கொண்ட பழக்கம். எவ்வாயில் வழியே வந்திருப்பினும் ஊற்று ஒன்றே.

தோட்டத்துத் தேநீர்

1909இல் சயாமுக்கும் பிரிட்டனுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையால் கெடா பிரிட்டிஷ் பாதுகாப்பின்கீழ் வந்தது. ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் திரளாக வந்தனர். அவர் விட்டுவந்த ஊர்களில் காலை உணவு நீராகாரமும் கஞ்சியுமே. தேநீர் அக்காலத்துத் தமிழகச் சிற்றூர்களின் வீட்டுப்பானம் அன்று. லயத்து வாழ்க்கையில் அது வீட்டுப்பானம் ஆயிற்று. விடியுமுன் பெரட்டுக்குச் செல்வோர்க்குச் சூடும் இனிப்பும் உடனடி வலிமை தருவதாய்த் தோன்றின.

இலங்கையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துராவில் தேயிலை பயிரிட்டது முதல், 1929இல் கேமரன் மலையில் போ தோட்டம் தோன்றியது வரை, இலை பறித்த கைகளுள் பெரும்பாலானவை தமிழ்க்கைகள். ஆயினும் நல்ல இலை பெட்டியில் ஏறிக் கப்பலுக்குச் சென்றது. ஏழைத் தொழிலாளர் வாங்க முடிந்தது மலிவான தூளே. தூள் விரைவில் சாறிறங்கும். நிறமும் துவர்ப்பும் மிகும். பாலிலுள்ள புரதம் அத்துவர்ப்பைப் பற்றிக்கொண்டு மட்டுப்படுத்தும். மீதியைச் சர்க்கரை மறைக்கும். கட்டிப்பால் டப்பா ஒன்றே இவ்விரண்டையும் செய்து முடித்தது. இவ்வாறு பழகிய நாவே இன்றும் ‘நல்ல டீ’ எது எனத் தீர்ப்புச் சொல்கிறது.

அத்தீர்ப்புக்கு நாம் கொடுக்கும் விலை சிறிதன்று. மலேசியாவில் 2019இல் எடுக்கப்பட்ட தேசிய உடல்நல ஆய்வு, பெரியவர்களுள் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருந்ததாகக் கண்டது. இனவாரியாக நோக்கின் இந்தியரிடையே அது மிகுந்திருந்தது. தேநீர் ஒன்றே அதற்குக் காரணம் என்பதற்கில்லை. ஆனால் நாள்தோறும் மூன்று நான்கு முறை இனிப்பைக் கொண்டுவரும் கலம் அதுவே என்பதை மறுத்தல் இயலாது.

தேய்க்காத இலை

இனி வெள்ளைத் தேயிலைக்கு வருவோம். இதன் தாயகமும் ஃபூஜியன் மாநிலமே. அதன் வடகிழக்கிலுள்ள ஃபூடிங்கும், வடக்கேயுள்ள செங்ஹேயும் பெயர்பெற்ற ஊர்கள். சோங் அரசன் ஹுய்சோங் 1107இல் எழுதிய தேயிலை நூலில் ‘வெள்ளைத் தேயிலை’ என்னும் பெயர் காணப்படுகிறது. ஆனால் அது வெளிறிய இலையுடைய ஓர் அரிய மரத்தைக் குறித்தது. இன்று அப்பெயர் பதப்படுத்தும் முறையைக் குறிக்கிறது. பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு.

பச்சைத் தேயிலைக்கு, பறித்த இலையை உடனே சட்டியில் வறுப்பர் அல்லது ஆவியில் காட்டுவர். கறுப்புத் தேயிலைக்கு, இலையை உருட்டிக் கசக்கிச் சாறு வெளிப்படச் செய்து, காற்றுப் பட்டுச் சிவக்க விடுவர். வெள்ளைத் தேயிலைக்கு மரபு முறையில் இவ்விரண்டும் இல்லை. பறித்த மொட்டையும் தளிரையும் மூங்கில் தட்டில் பரப்பி, இரண்டு மூன்று நாள் வாடவிட்டு, இளஞ்சூட்டில் உலர்த்துவதோடு தொழில் முடிந்தது. தேய்த்தல் இதில் இல்லவே இல்லை. ‘தேய்க்கப்படும் இலை’ என்னும் சொற்பிறப்பு இலக்கணத்தில் தோற்றது போலவே இங்கும் தோற்கிறது.

இதன் வகைகளுள் மூன்று சிறப்பானவை. வெண்மயிர் போர்த்த மொட்டுகள் மட்டும் அமைந்தது ‘வெள்ளி ஊசி’. மொட்டும் ஓரிரு தளிரும் சேர்ந்தது ‘வெண்பியோனி’. பியோனி சீனர் போற்றும் மலர். முதிர்ந்த இலை மிகுந்தது ‘சௌ மேய்’. நெடுவாழ்வுப் புருவம் என்பது அதன் பொருள். விலையில் முன்னது உயர்ந்தது, பின்னது எளியது. புதிதாகப் பழகுவோர்க்கு வெண்பியோனியோ சௌ மேயோ போதுமானது.

வீட்டில் வடிக்கும் முறை

கருவி மிகுதியாக வேண்டியதில்லை. மூடியுள்ள பீங்கான் கிண்ணம் ஒன்றும், ஊற்றி வைக்க மற்றொரு கிண்ணமும் போதும். கரண்டியால் அளப்பது ஏமாற்றும். இவ்விலை பருத்து இலேசாக இருப்பதால் சிறு தராசில் நிறுப்பதே முறை. 120 மில்லிலிட்டர் நீருக்கு 4 அல்லது 5 கிராம் கொள்க. நீரைக் கொதிக்கவிட்டு, ஒருமுறை வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் சூடு 90 பாகை அளவுக்குத் தணியும். வெள்ளி ஊசிக்கு இன்னும் சிறிது தணிதல் நன்று. சௌ மேய் கொதிநீரையும் தாங்கும்.

கிண்ணத்தை முதலில் வெந்நீரால் சூடாக்கி, இலையிட்டு நீர் வார்த்து, அரை நிமிடத்துக்குச் சிறிது மேல் மூடிவைத்து வடிக்க. இரண்டாம் வடிப்பு முதல் ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து வினாடி கூட்டுக. ஐந்தாறு வடிப்பு வரை சுவை குறையாது. இத்தனை பொறுமை இல்லாதார், ஒரு பெரிய கண்ணாடிக் குவளையில் 2 அல்லது 3 கிராம் இட்டு, 200 மில்லிலிட்டர் நீர் வார்த்து, நான்கைந்து நிமிடம் கழித்துப் பருகலாம்.

நீரின் நிறம் இளமஞ்சளாக இருக்கும். பால் வார்த்த தேநீருக்குப் பழகிய கண் இதனைக் கண்டு, ‘சாயம் இறங்கவில்லை’ என எண்ணும். அவசரப்படாமல் முதலில் கிண்ணத்து மூடியின் உட்புறத்தை முகர்தல் வேண்டும். மணம் அங்கேதான் தங்கும். அறுவடை முடிந்த கெடா வயல்வெளியின் வைக்கோல் மணத்தை அறிந்தோர்க்கு அம்மணம் புதிதாக இராது. முதல் மிடறு வெறும் வெந்நீர்போல் தோன்றினும், விழுங்கியபின் தொண்டையில் இளநீரை ஒத்த மெல்லினிமை எழும். சர்க்கரை இட்டால் முதலில் மறைவது இவ்வினிமையே.

கெடாவின் ஈரக்காற்றில் இலை எளிதில் பூசணம் பிடிக்கும். காற்றுப்புகாத தகர டப்பாவில், மிளகாய்த்தூளும் சாம்பிராணியும் இல்லாத இடத்தில் வைத்தல் வேண்டும். ஆண்டு முதிர முதிர இது மருந்தாகும் என்பது வணிகர் கூற்று. அதனை நம்பி மருத்துவர் தந்த மருந்தை விடுதல் ஆகாது. இதில் காஃபின் இல்லை என்பாரும் உளர். அதுவும் தவறு, இளமொட்டில் காஃபின் நிறையவே உண்டு.

ஆசிரியர் கடன்

சொல் கடன்வாங்கியது என்று அறிவதால் தமிழுக்கு இழிவு வாராது. வந்த ஓரெழுத்துச் சொல்லை உடம்படுமெய் இட்டு ஏற்று, இலையாகவும் நீராகவும் விரித்துத் தன் பிள்ளையாக வளர்த்தது தமிழின் ஆற்றல். பொய்யான சொற்பிறப்பைக் காட்டிப் பெருமை தேடுவதைவிட, இவ்வாற்றலை மாணவர்க்கு விளக்குவது மேலானது. ‘டீ’ என்று எழுதிய மாணவனுக்குத் ‘தேநீர்’ என்று திருத்தித் தரும் ஆசிரியர், ‘தே’ என்பது அடுத்த வீட்டு ஹொக்கியன் குடும்பம் இன்றும் பேசும் சொல் என்பதையும் சேர்த்துச் சொல்லித்தருதல் வேண்டும்.