உச்சி வேளைக்கு வந்த இரண்டு கழுகுகள்

போன மாதம் தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு நான் கம்ப்யூட்டரில் பறவைக்கூடு பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்காட்லாந்தில் லோஸ் ஏரிக்கரையில் ஒரு மரத்து உச்சியில் கேமரா வைத்திருக்கிறார்கள். விராலடிப்பான் ஜோடி ஒன்று அதில் நேரடியாகத் தெரியும். திருவண்ணாமலையில் ராத்திரி பத்து மணி என்றால் அங்கே மாலை ஐந்தரைதான், நல்ல வெளிச்சம். பின்னால் வந்து நின்ற எங்கள் ஆயா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அங்க யாருடா அதுங்களுக்குச் சோறு வெக்கிறாங்க?" என்று கேட்டார்.

யாரும் வைப்பதில்லை, அதுவே மீன் பிடித்துக்கொள்ளும் என்றேன். ஆயாவுக்கு ஏமாற்றம். "நாங்க பார்த்த ஜோடிக்குப் பொங்கலே வெப்பாங்க" என்றார். அப்படித்தான் திருக்கழுக்குன்றத்துக் கதை ஆரம்பித்தது.

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த ஊர். மலைமேல் வேதகிரீஸ்வரர், கீழே தாழக்கோயிலில் பக்தவத்சலேஸ்வரர். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். தினமும் உச்சி வேளைக்கு முன் அர்ச்சகர் ஒரு பாறைக்குப் போய் அரிசி, கோதுமை, நெய், சர்க்கரை சேர்த்த உணவை வைத்துக் காத்திருப்பார். இரண்டு வெள்ளைப் பறவைகள் வந்து இறங்கி அதைத் தின்றுவிட்டுப் பறந்து போகும். இதைப் பார்க்கவே ஜனங்கள் படியேறினார்கள். ஊருக்குப் பட்சி தீர்த்தம் என்றும் பெயர்.

கதை என்னவென்றால், சிவனிடம் தண்டனை பெற்ற முனிவர்கள் எட்டுப் பேர் கழுகுகளானார்கள். ஒரு யுகத்துக்கு ஒரு ஜோடி. கலியுகத்துக்கு வந்ததுதான் கடைசி ஜோடி. அதாவது நம் தாத்தா பார்த்ததும், அவருடைய தாத்தா பார்த்ததும் அதே இரண்டு பறவைகள்!

இது எவ்வளவு பழைய வழக்கம்? கழுக்குன்றம் என்ற பெயர் தேவாரத்திலேயே இருக்கிறது. ஆனால் பெயர் இருப்பதாலேயே 7ஆம் நூற்றாண்டிலும் சோறு வைத்தார்கள் என்று சொல்வது அவசரம் என்பது என் கருத்து. கழுகுகள் கூடு கட்டிய குன்றாக இருந்திருந்தாலே அந்தப் பெயர் வந்திருக்கும். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இந்த மலைக்கு ஏறி வந்து, ஒருக்கல் மண்டபம் என்ற குடைவரையில் தங்கள் பெயர்களை வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் (சுவரில் பெயர் எழுதும் வியாதி நமக்கு மட்டும் இல்லை!). 1977ல் கேரளத்துப் பறவை அறிஞர் கே.கே. நீலகண்டனும், சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் பறவை நோக்குவோருக்கான ஒரு செய்திமடலில் இந்தப் பறவைகளைப் பற்றி எழுதினார்கள்.

ஊர் கழுகு என்று சொன்னாலும் அவை கழுகு இல்லை, மஞ்சள்முகப் பாறு. பிணம் தின்னும் பறவை. முகம் மஞ்சளாக இருக்கக் காரணம் அது தின்னும் மாட்டுச் சாணம் என்று 2002ல் கண்டுபிடித்தார்கள். முனிவருக்கு இது பொருந்துமா என்று ஆயாவிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. பாறை இடுக்கில் கூடு கட்டும், பெரும்பாலும் இரண்டு முட்டை இடும், ஜோடி வருடக்கணக்கில் ஒரே இடத்தை விடாது. நன்றாக வாழ்ந்தால் முப்பது வருடம் போல இருக்கும். முந்நூறு வருடம் இருக்காது.

அப்படியானால் வந்தவை ஒரே ஜோடி இல்லை, ஜோடிகளின் ஒரு வரிசை. ஒன்று செத்தால் பக்கத்து வட்டாரத்திலிருந்து ஒரு இளம் பறவை வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். கீழே நின்று கும்பிட்டவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. லோஸ் ஏரியிலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. 'லேடி' என்று பெயர் வைத்த பெண் பறவை 1991லிருந்து 2014 வரை வருடா வருடம் வந்தது. காலில் வளையம் கிடையாது, கண்ணில் இருந்த புள்ளிகளை வைத்து அதே பறவைதான் என்று அடையாளம் கண்டார்கள். 2015ல் அது வரவில்லை, வேறொரு பெண் பறவை கூட்டுக்கு வந்தது. அங்கே வரிசை அறுபடவில்லை.

நம் ஊரில் வராத நாட்களுக்கு வேறு விளக்கம் இருந்தது. கூட்டத்தில் பாவி யாரோ இருக்கிறார் என்பார்கள். ஆயா போன நாளும் அப்படிப்பட்ட நாள்தான். கல்யாணமாகி நாலு வருடம் குழந்தை இல்லை என்று வேண்டிக்கொள்ளப் போயிருக்கிறார். வெயிலில் வெகுநேரம் நின்றும் பறவை வரவில்லை. மாமியார் ஒன்றும் சொல்லவில்லையாம், திரும்பி ஒரு பார்வை மட்டும் பார்த்தாராம். மறுநாள் தாழக்கோயிலிலேயே தங்கி மறுபடி ஏறினார்கள். அன்று இரண்டும் வந்தன. "நான் அழுதுட்டேன்டா" என்றார் ஆயா. முதல் நாள் எங்கேயோ ஒரு செத்த மாடு கிடைத்திருக்கும், பாறு வயிறு நிறைந்து தூங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

1990களின் கடைசியில் பறவைகள் வருவது நின்றே போனது. கலி முற்றிவிட்டது என்றார்கள். அதே காலத்தில் நாடு முழுக்கப் பாறுகள் செத்துக்கொண்டிருந்தன. மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டின் உடலில் தங்கி, தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று 2004ல் தெரிந்தது. 2006ல் கால்நடைக்கு அதைக் கொடுப்பதை இந்தியா தடை செய்தது. 2007ல் மஞ்சள்முகப் பாறு உலக அளவில் அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. திருக்கழுக்குன்றத்து ஜோடியை இந்த மருந்துதான் கொன்றது என்று யாரும் சோதித்துச் சொல்லவில்லை. ஆனால் சுற்றுவட்டாரத்தில் பாறு குறைந்துவிட்டால் காலியான இடத்துக்கு வர ஆள் ஏது?

ஸ்காட்லாந்திலும் விராலடிப்பான் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூடு கட்டுவதை நிறுத்தி, 1954ல் கார்ட்டன் ஏரியில் மறுபடி கட்டியது. முட்டை திருடுபவர்களைத் தடுக்க ராப்பகலாகக் காவல் போட்டார்கள். 1959ல் ஜனங்கள் தூரத்திலிருந்து பார்க்க வழி செய்தார்கள். பார்க்க வந்த கூட்டமே காவலுக்குப் பலமானது. நமக்கோ கூட்டம் எத்தனையோ தலைமுறையாக இருந்தது. கலியுகம் முடியும்வரை வரும் பறவைக்கு யார் காவல் போடுவார்கள்?

இப்போது ஆயா தினமும் ராத்திரி சாப்பிட்டதும் வந்து உட்கார்ந்துவிடுகிறார். நேற்று ஆண் பறவை மீனோடு வர ரொம்ப நேரமாகிவிட்டது. "கூட்டத்துல யாரோ..." என்று ஆரம்பித்தவர் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அங்கே மழை பெய்துகொண்டிருந்தது.