இரவில் புகுந்தவன்: எம்னெத் பண்ணை வீடும் சேர்வராயன் மலை வீடும்

சேர்வராயன் மலையில் தனித்து நிற்கும் வீடுகள் அதிகம். ஏற்காடு டவுனைத் தாண்டி நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம் பக்கம் போனால் காபித் தோட்டத்துக்கு நடுவே ஒரு பங்களா இருக்கும். அடுத்த பங்களா கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் இருக்கும். பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, வயதான கணவனும் மனைவியும் ஒரு வாட்ச்மேனை நம்பி இரவைக் கழிக்கும் வீடுகள் அவற்றில் பல. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்துத் தோட்ட வீட்டில் பெற்றோரும் மகனுமாக மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் முதிய தம்பதி கொலையுண்டு கிடந்தது தெரியவந்தது. இரண்டையும் செய்தது ஒரே கும்பல் என்று காவல்துறை சொன்னது. அதன் பிறகு கொங்கு நாட்டில் தனி வீட்டுக்காரர்கள் பேச்சே மாறிவிட்டது. "நம்ம வீட்டுக்குள்ள வந்தவனைப் போட்டுத் தள்ளுனா அதுல என்ன தப்பு?" என்று கேட்பவர்களை மலையிலும் பார்க்கலாம், அடிவாரத்திலும் பார்க்கலாம்.

இந்தக் கேள்வியை நான் குறைவாக மதிக்கவில்லை. பயத்தில் பிறந்த கேள்வி அது. பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் இதே கேள்வியை இன்னொரு நாடு கால் நூற்றாண்டுக்கு முன் உரக்கக் கேட்டது. அங்கே மக்கள் என்ன சொன்னார்கள், சட்டம் என்ன செய்தது என்பதை நம்முடையதோடு வைத்துப் பார்க்க வேண்டும். பார்த்தால், நாம் கேட்கும் உரிமையின் பெரும்பகுதி ஏற்கெனவே நம் கையில் இருப்பது தெரியும்.

இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் எம்னெத் ஹங்கேட் என்ற ஊர்ப்புறத்தில் டோனி மார்ட்டின் என்ற விவசாயி தனியாக வாழ்ந்தார். தன் வீட்டில் பலமுறை திருட்டு நடந்தது, போலீஸ் எதுவும் செய்யவில்லை என்பது அவர் மனக்குறை. 1999 ஆகஸ்ட் 20 இரவு இருவர் வீட்டுக்குள் புகுந்தார்கள். மார்ட்டின் இருட்டில் சுட்டார். 16 வயதுச் சிறுவன் முதுகில் குண்டு பாய்ந்து இறந்தான். மற்றவன் காலில் காயத்தோடு தப்பினான். சுட்ட துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடையாது. அவரிடம் முன்பு இருந்த துப்பாக்கி உரிமத்தை 1994-லேயே ரத்து செய்திருந்தார்கள். 2000 ஏப்ரலில் நடுவர் குழு பெரும்பான்மை முடிவில் அவரைக் கொலைக் குற்றவாளி என்றது. ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2001-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரது மனநிலையைக் கருதிக் கொலையைக் கொலையாகாத மரணமாகக் குறைத்து, தண்டனையை 5 ஆண்டாக்கியது. 2003 ஜூலையில் வெளியே வந்தார். 2025 பிப்ரவரியில் இறந்தார்.

தீர்ப்பு வந்த நாளிலிருந்து நாடு இரண்டுபட்டது. தன் வீட்டில், நடு இரவில், பயந்து கிடந்தவன் எப்படிக் கொலைகாரன் ஆவான் என்று கேட்டவர்கள் ஏராளம். முதுகில் சுடப்பட்டவன் யாரைத் தாக்க வந்தான் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். 2003 டிசம்பரில் பிபிசி வானொலியின் 'டுடே' நிகழ்ச்சி, நாடாளுமன்றத்தில் எந்தப் புதிய சட்டம் வர வேண்டும் என்று நேயர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. வீட்டுக்குள் புகுந்தவரைத் தடுக்க வீட்டுக்காரர் எந்த வழியையும் கையாளலாம் என்ற யோசனைதான் வென்றது. அதை எடுத்துச் செல்ல ஒப்புக்கொண்டிருந்த உறுப்பினரே முடிவைக் கேட்டு முகம் சுளித்தார். யோசனை சட்டமாகவில்லை.

ஆனாலும் அந்தக் குரல் வீணாகவில்லை. 2013-ல் வந்த சட்டத்திருத்தம், வீட்டுக்குள் அத்துமீறியவரைத் தடுக்கும்போது பலம் சற்று மிஞ்சிப்போனாலும் அதனாலேயே அதைக் குற்றமாகப் பார்க்கக் கூடாது, அப்பட்டமாக மிஞ்சினால்தான் பாதுகாப்பு இல்லை என்றது. அதிலும் இரண்டு வரம்புகள் உண்டு. உயிரைக் காக்கத்தான் அந்தச் சலுகை, டிவியைக் காக்க அல்ல. சலுகை இருந்தாலும் செய்த செயல் அந்தச் சூழலில் நியாயமானதா என்ற கேள்வி தொடர்ந்து நிற்கும்; 2016-ல் அங்குள்ள உயர் நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது.

இப்போது நம் பக்கம். நம் தற்காப்புச் சட்டமும் இங்கிலாந்துக்காரர் எழுதியதுதான். ஆனால் தம் நாட்டில் இருந்ததை அப்படியே எழுதவில்லை. மெக்காலே தலைமையில் 1837-ல் தயாரான குற்றவியல் தொகுப்பு வரைவின் குறிப்புகளில் ஒரு வருத்தம் பதிவாகியிருக்கிறது. இந்நாட்டு மக்கள் கொள்ளைக் கூட்டத்தின் கொடுமையை எதிர்ப்பின்றித் தாங்குகிறார்கள், அவர்களுக்குத் துணிவூட்ட வேண்டுமே தவிரத் தற்காப்புக்குத் தடை மேல் தடை போடக் கூடாது என்பது அதன் சாரம். அந்த எண்ணத்தோடு எழுதியதால் தற்காப்புப் பிரிவுகள் தாராளமாக அமைந்தன. வரைவு 1860-ல் சட்டமாயிற்று. அதற்கு 3 ஆண்டு முன்புதான் வடக்கே சிப்பாய்க் கிளர்ச்சி. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் கட்டிய கிரேஞ்ச் பங்களாவை அந்தக் கலவர நாட்களில் கோட்டைபோல் மாற்றிப் பீரங்கி வைத்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். மலையில் தனித்து வாழ்பவரின் அச்சம் அத்தனை பழையது.

அதே அரசு 1878-ல் ஆயுதச் சட்டம் கொண்டுவந்து துப்பாக்கியை உரிமத்துக்குள் அடைத்தது. துணிவோடு எதிர்த்து நில் என்று 1860-ல் சொன்னவர்கள், 18 ஆண்டில் கையிலிருந்ததைப் பிடுங்கினார்கள். சுதந்திரத்துக்குப் பின் வந்த 1959-ஆம் ஆண்டுச் சட்டமும் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியைக் குற்றமாகவே வைத்திருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 41-ஆம் பிரிவு 1860 சட்டத்தின் 103-ஆம் பிரிவை ஏறத்தாழ அப்படியே தொடர்கிறது. கொள்ளை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நடக்கும் கன்னக்களவு, குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச வேண்டிய சூழலில் நடக்கும் திருட்டு அல்லது அத்துமீறல். இவற்றில் எதுவானாலும் எதிராளி இறக்கும் அளவுக்குக்கூடத் தற்காப்பு உரிமை நீளும். இங்கிலாந்தின் 2013 திருத்தம் பொருளைக் காக்கத் தராத இடத்தை நம் சட்டம் 1860-லேயே கொடுத்துவிட்டது. வீட்டு உரிமையாளருக்கு மட்டுமல்ல. பிறர் உடலையும் பிறர் பொருளையும் காக்க நிற்பவருக்கும் அந்த உரிமை உண்டு. வாட்ச்மேன் இதில் அடக்கம். 2017 ஏப்ரலில் கொடநாடு எஸ்டேட்டுக்குள் புகுந்த கும்பல் கொன்றது ஒரு காவலாளியைத்தான் என்பதை நினைத்தால், இந்த உரிமை முதலில் யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது புரியும்.

உரிமைக்கு எல்லையும் உண்டு. மலைவாசிகள் உற்றுக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பூட்டை உடைத்தோ, தாழ்ப்பாளைத் தூக்கியோ, சுவரில் துளை போட்டோ, ஜன்னல் வழியாகவோ, ஆளைத் தாக்கியோ மிரட்டியோ வந்தால்தான் கன்னக்களவு. திறந்து கிடந்த கதவு வழியாக வந்து நின்றவன் வெறும் அத்துமீறியவன். அவனால் உயிருக்கு ஆபத்து என்ற நியாயமான அச்சம் இருந்தாலொழிய அவனைக் கொல்லும் உரிமை கிடையாது. புகுந்தவன் வீட்டை விட்டு ஓடிவிட்டால், வீடு புகுந்ததற்காகக் கொல்லும் உரிமையும் அத்தோடு முடிகிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. போலீசை நாட அவகாசம் இருந்தால் உரிமையே இல்லை. தோட்டத்தில் காபிக் கொட்டையையும் மிளகையும் பறிப்பவனுக்கு மரணம் எந்தக் கணக்கிலும் வராது. வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சி விட்டுத் தூங்கப் போகிறவருக்கு இந்தப் பிரிவு துணை நிற்காது. அந்தக் கம்பிக்குத் திருடன் யார், காலையில் விறகுக்கு வரும் பெண் யார் என்று தெரியாது. மிஞ்சிப்போனால் எல்லாமே கொலை ஆகிவிடுவதில்லை. நல்லெண்ணத்தில் எல்லை தாண்டினால் கொலையாகாத மரணமாகக் குறையும். ஆனால் தற்காப்புத்தான் என்று காட்டும் பொறுப்பு வீட்டுக்காரருடையது.

மக்கள் கருத்து வெளிப்படும் வழியும் இரு இடங்களிலும் வேறு. அங்கே நடுவர் குழு, வானொலி வாக்கு, நாடாளுமன்றம். இங்கே பெரும்பாலும் ஒரு எஸ்.பி.யின் முடிவும் அதற்கு ஊர் தரும் வரவேற்பும். 2012 பிப்ரவரியில் மதுரையில் மகளைச் சீரழிக்க முயன்ற கணவனை ஒரு தாய் கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்றார். அப்போதைய எஸ்.பி. அஸ்ரா கார்க் தற்காப்பு என்று சொல்லி அவரை விடுவித்தார். 2021 ஜனவரியில் சோழவரம் அருகே கத்தியோடு தாக்க வந்தவனை அந்தக் கத்தியாலேயே கொன்ற இளம்பெண்ணும் அப்படித்தான் விடுவிக்கப்பட்டார். தமிழ்நாடு இரு முடிவுகளையும் பாராட்டியது, நானும் பாராட்டினேன். இரண்டிலும் இறந்தவன் எதிரே நின்று தாக்கியவன்; தப்பிக்க வேறு வழி இல்லை. எம்னெத் சிறுவன் அப்படி நின்றவன் அல்ல.

2019 ஆகஸ்டில் கடையம் அருகே கல்யாணிபுரத்தில் நடந்ததை எம்னெத்துக்கு நேரே நிறுத்தலாம். அதுவும் தோட்டத்து வீடுதான், அதுவும் இரவுதான், புகுந்ததும் இருவர்தான். முகமூடி போட்ட ஒருவன் திண்ணைப் பக்கம் உட்கார்ந்திருந்த முதியவரின் கழுத்தைத் துணியால் நெரித்தான். இன்னொருவன் அரிவாளோடு வந்தான். உள்ளேயிருந்து ஓடிவந்த மனைவி செருப்பை எறிந்தார், பிறகு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து எறிந்தார். கணவரும் பிடியிலிருந்து விடுபட்டுச் சேர்ந்துகொண்டார். அந்தப் பெண்ணுக்குக் கையில் வெட்டு, கழுத்துச் சங்கிலி போயிற்று, ஆனால் இருவரும் பிழைத்தார்கள். கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நாடே பார்த்தது. சுதந்திர தின விழாவில் அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அவர்களுக்கு வீரச் செயலுக்கான விருது கொடுத்தார். அந்த அம்மாள் எறிந்த நாற்காலி பட்டு ஒருவன் இறந்திருந்தாலும் சட்டம் அவர் பக்கம்தான் நின்றிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அரிவாளுக்கு முன்னால் வெறுங்கையோடு நின்றவர் அவர்.

அயலான் மீதான பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் நம்மிடமே சாட்சி உண்டு. 2018 மே மாதம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வந்து வழி கேட்ட சென்னைக் குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஊரே சூழ்ந்து அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்தார். ஏற்காட்டில் வழி தவறிய சுற்றுலாப் பயணி இரவில் ஒரு பங்களாக் கதவைத் தட்டுவது நடக்காத காரியமல்ல. சரக்கு போட்டுவிட்டுத் தன் வீடென்று நினைத்துப் பக்கத்து வீட்டுத் தாழ்ப்பாளைத் தூக்குபவனும் உண்டு. எந்த வழியும் கையாளலாம் என்று எழுதிக் கொடுத்தால் முதலில் விழப்போவது இவர்கள்தான்.

அதனால்தான் இங்கே சட்டத்தை இன்னும் தளர்த்தக் கேட்பதை நான் ஏற்கவில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. சேலம் மாவட்ட மலைகளில் நாட்டுத் துப்பாக்கி புதிதல்ல. காட்டுப்பன்றிக்கும் முயலுக்கும் என்று கருமருந்தும் பால்ரஸும் இடித்துச் சுடும் ஒற்றைக்குழல், பரணில் தலைமுறையாக இருந்திருக்கிறது. மலையாளிப் பழங்குடியினர் ஊர்களில் காவல்துறை அவ்வப்போது வந்து அவற்றை ஒப்படைக்கச் சொல்கிறது. தாமாகக் கொடுப்பவர் மீது வழக்கில்லை என்றும் அறிவிக்கிறது. அந்தத் துப்பாக்கியால் ஒருவர் உண்மையாகவே தற்காத்துக்கொண்டாலும் ஆயுதச் சட்ட வழக்கு அவர் கழுத்தில் விழும். மார்ட்டினுக்கும் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வழக்கு தனியாக இருந்தது. லைசென்ஸோடு இரட்டைக்குழல் வைத்திருக்கும் எஸ்டேட்காரருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஒரே மலையில், ஒரே 41-ஆம் பிரிவின் கீழ், பங்களாவில் இருப்பவரும் குடிசையில் இருப்பவரும் சமமாக நிற்கவில்லை.

போலீசை நாட அவகாசம் இருந்தால் உரிமை இல்லை என்ற நிபந்தனையை மலையில் வைத்துப் படித்தால் வேறு பொருள் வருகிறது. சேர்வராயன் மலையில் 67 கிராமங்கள். காவல் நிலையம் ஏற்காட்டில். சிக்னல் கிடைக்காத பள்ளத்து வீட்டிலிருந்து 100-ஐ அழைக்கவே மேட்டுக்கு ஏற வேண்டும். அவகாசம் என்று சட்டம் சொல்வது அங்கே பல இரவுகளில் கிடையாது. நீதிமன்றமும் அதைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். இரவு ரோந்து அந்தக் கிராமங்கள் வரை போவதும், செல்போன் கோபுரம் வருவதும், தனி வீட்டு முதியவர்களின் பட்டியல் நிலையத்தில் இருப்பதும் அரசு செய்ய வேண்டியவை.

இன்னொன்றைச் செலவில்லாமல் செய்யலாம். துப்பாக்கியை ஒப்படையுங்கள் என்று ஊர்மக்களைக் கூட்டும் அதே நாளில், ஒப்படைத்த பிறகும் அவர்களிடம் மிஞ்சும் உரிமை என்ன என்பதையும் அதிகாரிகள் சொல்ல வேண்டும். தாழ்ப்பாளைத் தூக்கி வந்தவனுக்கும் திறந்த கதவில் வந்தவனுக்கும் என்ன வித்தியாசம், ஓடுகிறவனை ஏன் துரத்தி வெட்டக் கூடாது, மின்வேலி ஏன் குற்றமாகும் என்று அவர்கள் பேசும் தமிழில் சொல்ல வேண்டும். எஸ்டேட் வாட்ச்மேன்களையும் அந்தக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும்.