ஃபுல்கேலண்டர்

ஃபுல்கேலண்டர் என்பது, வலைச்செயலிகளில் நிகழ்ச்சிகளை மாத, வார, நாள் கட்டங்களாகவும் பட்டியலாகவும் வரைந்து காட்டும் பொருட்டு ஆடம் ஷா என்பவரால் இயற்றப்பெற்று, 2009ஆம் ஆண்டில் வெளிவந்த ஜாவாஸ்கிரிப்ட் நூலகமாகும். தொடக்கத்தில் ஜேக்வெரி என்னும் வேறொரு நூலகத்தைச் சார்ந்து நின்ற இது, 2019இல் வெளியான நான்காம் பதிப்பில் அச்சார்பை நீக்கி, வேண்டிய பகுதிகளை மாத்திரம் சேர்த்துக்கொள்ளத்தக்க செருகுநிரல்களாகப் பிரிந்தது. மூல நிரல் எம்ஐடி உரிமத்தில் யாவர்க்கும் கிடைக்கின்றது. அறைகள், வாகனங்கள் போன்றவற்றின் ஒதுக்கீட்டை அருகருகே காட்டும் காட்சிகளுக்கோ வணிகப் பயனில் கட்டணம் உண்டு.

மாதக் காட்சியில் இயல்பாக ஆறு வாரங்களுக்குரிய 42 கட்டங்கள் வரையப்படுகின்றன. திரையில் தெரியும் அக்கால எல்லையின் தொடக்கத்தையும் முடிவையும் நூலகம் சேவையகத்துக்கு அனுப்பி, நிகழ்ச்சிகளை ஜேசன் வடிவில் கேட்டுப் பெறுகின்றது. எல்லைக்குள் தொடங்குவனவற்றை மட்டும் சேவையகம் தேடித் தருமாயின், முன்னரே தொடங்கி இன்னும் நடந்துகொண்டிருக்கும் ஒரு பொருட்காட்சி திரையில் தோன்றாமலே போய்விடும். எல்லை முடியுமுன் தொடங்கி, எல்லை தொடங்கியபின் முடிவன யாவற்றையும் தருவதே முறை.

இந்நூலகத்தின் நியமங்களுள் பிரதானமானது, முடிவாகக் குறிக்கப்படும் கணம் நிகழ்ச்சியைச் சேராது என்பதாம். ஜனவரி 10 முதல் 12 முடிய மூன்று நாள் நடைபெறும் மாநாட்டுக்கு முடிவுத் தேதியாக 13ஐக் கொடுத்தல் வேண்டும். 12ஐக் கொடுத்தால் வண்ணப் பட்டை 11ஆம் தேதியோடு நின்றுவிடும். நாட்காட்டிப் பரிமாற்றத்துக்கென 2009இல் வெளியான ஆர்எஃப்சி 5545 வகுத்த ஐகேலண்டர் முறையும் இதுவே. பத்து மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு முடியும் வகுப்பும், பதினொன்றுக்குத் தொடங்கும் அடுத்த வகுப்பும் ஒன்றையொன்று மோதாமல் நிற்பதற்கும், முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தவுடன் கால அளவு பிழையின்றிக் கிடைப்பதற்கும் இதுவே காரணமாதலின், நியமம் மிகப் பொருத்தமானதே. ஆயினும், படிவத்தை நிரப்பும் சாமானியரிடம் இச்சுமையை ஏற்றுதல் தகாது. கடைசி நாள் எதுவென்று மட்டும் அவரைக் கேட்டு, ஒரு நாளைக் கூட்டும் வேலையை நிரலர் ஏற்றுக்கொள்வதே நேர்மையாகும்.

கால மண்டல விவகாரம் இதனினும் நுட்பமானது. இந்திய நேரப்படி ஆகஸ்ட் 15 பிறக்கும் நள்ளிரவு, உலகப் பொது நேரத்தில் ஆகஸ்ட் 14 மாலை 6.30 ஆகும். முழுநாள் விழாவொன்றை இவ்வாறு மாற்றிச் சேமித்துவைத்து, பொது நேரத்துக்குரிய தேதிப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து அனுப்பினால், விழா முந்திய நாளில் போய் அமரும். முழுநாள் நிகழ்ச்சிகளை மணி சேராத வெறும் தேதியாகவே சேமித்தல் வேண்டும்.

நிகழ்ச்சியைப் பிடித்திழுத்து வேறு நாளில் வைக்கும் வசதியும் உண்டு. சேவையகம் மாற்றத்தை ஏற்காவிடில் பழைய இடத்துக்கே மீட்கும் கட்டளையைக் கையாளாத செயலியில், திரை ஒன்றும் தரவுத்தளம் வேறொன்றும் சொல்லும்.

மொழி அமைப்புகளுள் தமிழும் இடம்பெற்றுள்ளது. எனினும் கட்டங்கள் ஆங்கில மாதக் கணக்கையே பின்பற்றுவதால், சித்திரை முதலாய மாதத் தேதிகள் வேண்டுவோர் அவற்றைத் தாமே கணித்து, நாட்கட்டத்தின் உள்ளடக்கத்தை மாற்றும் வசதியைக் கொண்டு எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.