15 கிலோமீட்டர் வைஃபை: தேனியில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் கதை

மொட்டை மாடியில் மாட்டுற அவுட்டோர் வைஃபை பெட்டி வாங்கினீங்கன்னா, பல மாடல்கள்ல செட்டிங்ஸ்ல 'டிஸ்டன்ஸ்'னு ஒரு கட்டம் இருக்கும். எதிர்முனை எத்தனை கிலோமீட்டர்ல இருக்குனு கேட்கும். சிக்னல் பவரைக் கூட்டத்தான் கேட்குதுனு பலர் நினைக்கிறாங்க. உண்மையில அது கேட்கிறது, 'பதிலுக்காக நான் எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?'

வைஃபை வீட்டுக்குள்ள ஓடுறதுக்காகச் செஞ்சது. ஒவ்வொரு பாக்கெட் அனுப்பினதும் எதிர்முனையில இருந்து 'வந்துச்சு'னு ரசீது வரணும். சில பத்து மைக்ரோசெகண்டுக்குள்ள வரலைன்னா, தொலைஞ்சுபோச்சுனு முடிவு பண்ணி மறுபடி அனுப்பும். ரேடியோ அலை ஒரு மைக்ரோசெகண்டுல 300 மீட்டர்தான் போகும். 15 கிலோமீட்டர்னா போக 50, வர 50. ரசீது பாதி வழியில இருக்கும்போதே இவர் அடுத்த காப்பியை அனுப்பிடுவார். ஆன்டெனா சரியா இருக்கும், சிக்னல் பிரமாதமா இருக்கும், டேட்டா மட்டும் நகராது.

இந்தச் சிக்கல் 2005-06 வாக்குல தேனிக்கு வந்தது, அரவிந்த் கண் மருத்துவமனை வழியா. கண் பிரச்சினை இருக்கிற கிராமத்து ஜனங்கள்ல 7 சதவீதத்துக்கும் குறைவானவங்கதான் இலவச முகாம்களுக்கு வர்றாங்கனு அவங்க ஏற்கெனவே கண்டுபிடிச்சிருந்தாங்க. ஒருநாள் கூலியை விட்டுட்டு, பஸ் ஏறி, கண்ணைக் காட்ட யார் வருவாங்க? அதனால சின்ன ஊர்கள்ல 'விஷன் சென்டர்' திறந்தாங்க. பயிற்சி பெற்ற ஊழியர் அங்க கண்ணைப் பரிசோதிப்பார், தேனியில இருக்கிற டாக்டர் வீடியோவில நோயாளிகிட்ட பேசுவார். ஆனா வீடியோ ஓடுற அளவுக்கு அந்த ஊர்கள்ல இன்டர்நெட் கிடையாது.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு ஒண்ணு கைகொடுத்தது. தலைவர் எரிக் ப்ரூவர். ஆமா, இன்டர்வியூவுல நம்ம உயிரை வாங்குற அந்த கேப் தியரத்தின் ப்ரூவரேதான். கூட ரபின் பத்ரா, சோனேஷ் சுரானா, லக்ஷ்மிநாராயணன் சுப்ரமணியன். நேரமும் கூடிவந்தது: 2005 ஜனவரியிலதான் இந்தியாவுல 2.4 கிகாஹெர்ட்ஸை வெளிப்புறத்துலயும் லைசென்ஸ் இல்லாம பயன்படுத்த அனுமதி வந்தது.

விலை குறைஞ்ச வைஃபை கார்டையே வெச்சுக்கிட்டு, சாஃப்ட்வேரைத்தான் மாத்தினாங்க. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ரசீது வேண்டாம், மொத்தமா ஒண்ணு போதும். ஒரே கம்பத்துல இருக்கிற ரெண்டு ஆன்டெனாவுல ஒண்ணு அனுப்பும்போது இன்னொண்ணு கேட்டுட்டு இருந்தா, அந்தச் சத்தத்துல இதுக்கு ஒண்ணும் கேட்காது. அதனால எல்லாம் சேர்ந்து அனுப்பும், அப்புறம் சேர்ந்து கேட்கும். இந்த யோசனைக்கு முன்னோடி பாஸ்கரன் ராமனும் காமேஸ்வரி செப்ரோலுவும் 2005-ல வெளியிட்ட 2பி. அவங்களைப் பத்தித் தனி எபிசோடே போடலாம். இந்த மாற்றங்களால வேகம் 2 முதல் 5 மடங்கு கூடினதா பெர்க்லி குழு 2007-ல எழுதினாங்க.

எனக்குப் பிடிச்ச பகுதி வேற: ஆன்டெனாவை எங்க மாட்டினாங்கங்கிறது. நான் நாகர்கோவில்காரன். எங்க பக்கம் எந்த மாடியில ஏறி நின்னாலும் முன்னாடி தென்னந்தோப்பு, பின்னாடி மலை. ஈரமான ஓலை 2.4 கிகாஹெர்ட்ஸை உறிஞ்சிடும், அதனால மரத்துக்கு மேல போயே ஆகணும். தேனியிலயும் உயரம்தான் பிரச்சினை. சில இடங்கள்ல 24 முதல் 42 மீட்டர் வரைக்கும் டவர். இன்னொரு இடத்துல, டெக்ஸ்டைல் ஆலை வளாகத்துல இருந்த மின்நிலையப் புகைபோக்கியிலேயே மாட்டிட்டாங்க! அப்படித் தாவித்தாவி ஆண்டிபட்டி வரைக்கும் போனது, ஒரே தாவல் 15 கிலோமீட்டர். 2006-ல ஐந்து சென்டர்கள்.

மைக்ரோசெகண்ட் சிக்கல் தீர்ந்த பிறகு பெரிய தொல்லை கொடுத்தது கரண்ட். திடீர்னு வோல்டேஜ் எகிறும், கருவி போயிடும். அதைவிட மோசம், வோல்டேஜ் மெதுவா இறங்குறது. ரவுட்டர் முழுசா அணையாம அரைமயக்கத்துல தொங்கும். ஊழியர் மேல ஏறி ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும், அதுவரைக்கும் டாக்டருக்காக வந்தவர் பெஞ்சுல காத்திருக்கணும். வோல்டேஜ் குறைஞ்சா சுத்தமா துண்டிச்சு, ஏறினதும் திரும்ப இணைக்கிற கன்ட்ரோலரைப் போட்ட பிறகுதான் அந்த ஏற்றம் குறைஞ்சது. 2008-ல அதே குழு இன்னொரு பேப்பர் எழுதினாங்க. அதுல புரோட்டோகாலைவிட கரண்டைப் பத்தித்தான் அதிகமா பேசியிருக்காங்க.