ஏரிக் கணக்கும் இன்றைய மானியமும்



சிங்கப்பூரின் வடகோடியில் செம்பவாங் என்றோர் ஊர் உண்டு. அது ஒரு மரத்தின் பெயர். நம் போன்ற தோட்டத்து மக்களுக்கு அந்த ஊர் அந்நியமன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. பின்னர் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் எழுந்தது. தமிழரும் மலையாளிகளும் அங்கே உழைத்தார்கள். இன்று அங்கு அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. வெந்நீர் ஊற்றைச் சுற்றி அமைந்த பூங்கா 2020இல் திறக்கப்பட்டது.

அதே 2020இல் சிங்கப்பூர் அரசு, சுற்றுப்புறத்தைப் பேணும் மக்கள் முயற்சிகளுக்கென்று ஐந்து கோடி வெள்ளி நிதி ஒன்றை அறிவித்தது. செம்பவாங்கிலுள்ள பள்ளியும் கேட்கலாம், அக்கம்பக்கத்தார் சேர்ந்தும் கேட்கலாம். கேட்பவர் பலர், பணமோ ஓர் அளவுக்கு உட்பட்டது. அப்படியானால் யாருக்குக் கொடுப்பது?

இந்தக் கேள்வியின் கனம் எங்களுக்குத் தெரியும். ஒரு முறை எங்கள் தோட்டப் பள்ளியில் மரக்கன்று நடுவதற்கு உதவித்தொகை கேட்டு எழுதினோம். பிள்ளைகள் குழிகூட வெட்டி வைத்துவிட்டார்கள். பதிலே வரவில்லை. வேறொரு இடத்துக்குப் பணம் போயிற்று என்று மட்டும் கேள்விப்பட்டோம். "ஏன் சார் நமக்கு இல்லை?" என்று ஒரு சிறுமி கேட்டாள். பணம் கிடைக்காததைவிட, அவளுக்குச் சொல்ல எங்களிடம் ஒரு காரணமும் இல்லாததே எங்களை வருத்தியது.

இந்தக் கேள்விக்கு நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விடை தேடியிருக்கிறார்கள். காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் ஏரியைக் காக்க ஏரி வாரியம், தோட்டங்களைக் கவனிக்கத் தோட்ட வாரியம் எனக் குழுக்கள் இருந்தன. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். ஊர் கூடியிருக்க, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் ஏற்க வேண்டும். பிறகு எல்லாரும் கேட்க உரக்கப் படிக்க வேண்டும். கை மூடினால் ஐயம் பிறக்கும் அல்லவா?

இன்னொரு விதி இன்னும் கூர்மையானது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர முடியாது. அவர் மட்டுமா? அவருடைய தந்தை, மகன், மாமன், மாமனார், மருமகன், அத்தை பிள்ளை, சிற்றன்னை பிள்ளை யாரும் வர முடியாது! ஆயினும் அது குறையில்லாத முறையன்று. நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆடவர்க்கே அதில் இடம். நம் பாட்டன்மார் போன்ற உழைப்பாளிகளின் பெயர் அந்தக் குடத்தில் விழுந்ததே இல்லை. எனவே நாம் போற்ற வேண்டியது அங்கு இருந்த ஆட்களை அன்று, அந்த விதிகளை.

விதிகள் இருந்தாலும் கண்காணிப்பு வேண்டும். 2012இல் சிங்கப்பூரின் தேசியப் பூங்காக் கழகம், ஊழியர்களுக்காக 26 மடக்கு மிதிவண்டிகளை 57,200 வெள்ளிக்கு வாங்கியது. ஏலக்குத்தகைக்கு விண்ணப்பித்த நிறுவனம் ஒன்றே ஒன்று. "இத்தனை விலையா?" என்று பொதுமக்கள் கேட்டார்கள். அமைச்சு கணக்காய்வு நடத்தியது. சம்பந்தப்பட்ட அதிகாரி, அந்த நிறுவனத்தாரோடு தமக்கிருந்த பழக்கம் குறித்துக் கணக்காய்வாளரிடம் பொய் சொன்னதாக 2013இல் குற்றம் சாட்டப்பட்டு, 2014இல் தண்டிக்கப்பட்டார். அது மானியம் அன்று, கொள்முதல்தான். ஆனாலும் பாடம் ஒன்றே. சாதாரண மக்கள் கேட்ட ஒரு கேள்வி மூடிய கையைத் திறக்க வைத்தது.

நேயர்களே, பள்ளி மானியமோ, கோயில் நிதியோ, கூட்டுறவுப் பணமோ, நாம் கேட்க வேண்டியவை நான்கு. தகுதி இன்னதென்று முன்னரே அறிவித்தார்களா? தீர்மானிப்பவருக்குக் கேட்பவர் உறவா? கிடைக்காதவருக்குக் காரணம் சொன்னார்களா? கிடைத்தவர் கணக்குக் காட்டினாரா?

இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. பொதுப் பணத்தில் நம் வியர்வையும் கலந்திருக்கிறது. அந்தச் சிறுமி வெட்டிய குழியில் பிறகு நாங்களே ஒரு வேப்பங்கன்று வாங்கி நட்டோம். மரம் வளர்ந்துவிட்டது. அவளுடைய கேள்விக்குத்தான் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.