பாதம் பார்த்துச் சொல்லும் கணக்கு

குட்டியின் முன்காலைப் பிடித்துப் பார்த்து, பாதம் பருத்திருந்தால் பெரிய நாயாக வளரும் என்று சொல்வது இலங்கையின் ஊவா மலையிலுள்ள பசறையில் மட்டுமல்ல, நாய் வளர்க்கும் எல்லா ஊரிலும் உண்டு. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் குட்டியின் பருமன் பற்றிய கேள்விக்குக் கனம் அதிகம். காய்கறிப் பாத்தியைக் காட்டுப்பன்றி கிளறும், சிறுத்தை முற்றத்து நாயையே தூக்கிப் போகும் மலையில், இந்தக் குட்டி எவ்வளவு பெரிதாகும் என்று கேட்பது வெறும் ஆவலால் அல்ல. ஆனால் ஊவா மலைகளில் நாய்கள் வந்து கலந்த வரலாற்றைப் பார்த்தால், பாதம் ஓரளவுக்குத்தான் பதில் சொல்லும் என்பது தெரிகிறது. மீதிப் பதில் தாய் தகப்பனிடம் இருக்கிறது.

அதற்குச் சரியான சாட்சி ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர். 1848இல் நுவரெலியாவில் குடியேற்றம் அமைக்க வந்தவர், வேட்டை நாய்களையும் கூட்டி வந்தார். ஊவாப் பக்கச் சரிவில் ஃபோர்ட் மெக்டொனால்ட் ஆறுவரை மரையை விரட்டிய கதைகள் அவருடைய 1854ஆம் ஆண்டு நூலில் இருக்கின்றன. மோப்பம் பிடித்துத் துரத்த ஃபாக்ஸ்ஹவுண்ட் போதும். மடக்கிப் பிடிக்க வலுவும் உயரமும் உள்ள வேறு நாய் வேண்டும். ஆகவே அவர் கலப்பினங்களையும் வைத்திருந்தார். தம் நாய்களில் ஸ்மட்டுக்கு மணிலா ப்ளட்ஹவுண்ட் இரத்தம், கில்பக் ஆஸ்திரேலியக் கிரேஹவுண்ட் என்று வம்சத்தோடு எழுதுகிறார். பெற்றோரைத் தெரிந்தவருக்குக் குட்டியின் பருமனைக் கணிப்பது பெரிய வேலையல்ல.

லயத்தில் அந்த வசதி இல்லை. 1869இல் கோப்பிக்கு இலைநோய் வந்து, பின் தேயிலை பரவிய காலம் முழுவதும் துரை பங்களாக்களில் ஐரோப்பிய நாய்கள் இருந்தன. லயங்களில் நாட்டு நாய்கள். வேலி நாயைத் தடுக்காது. ஒரே ஈத்தில் பிறந்த குட்டிகளுக்கு வெவ்வேறு தகப்பன்கள் இருக்கவும் கூடும். அப்படியானால் தாயை மட்டும் பார்த்துச் சொல்லும் கணக்கு பாதிக் கணக்குதான்.

பாதம் பொய் சொல்லாது என்பார்கள். பெரிய சாதிக் குட்டிகளுக்கு எலும்பு தடித்திருப்பது உண்மை; ஆனால் கலப்புக் குட்டிக்குப் பாதம் ஒரு பக்கமும் உடல் மறு பக்கமும் போகலாம். அதைவிட எடை நம்பத்தக்கது. நடுத்தர நாய் நான்கு மாதத்தில் இருக்கும் எடையைப்போல ஏறக்குறைய இரு மடங்கு வளரும். சிறிய இனம் பத்து மாதத்துக்குள் வளர்ந்து முடிவதால் அதற்கு இந்தக் கணக்கு கூடுதலாகிவிடும். ஒன்றரை ஆண்டுவரை வளரும் பெரிய இனத்துக்குக் குறைந்துவிடும்.

சோறு போட்டால் வளரும் என்பது இன்னொரு வாதம். பட்டினியும் குடற்புழுவும் குட்டியைக் குறுக்கிவிடும் என்பதால் அதை ஒதுக்க முடியாது. ஆனாலும் எவ்வளவு ஊட்டினாலும் மரபு வைத்த உயரத்தைத் தாண்ட முடியாது. ஊளைச் சதைதான் போடும். நாயின் பருமனில் IGF1 என்ற வளர்ச்சி மரபணுவுக்குப் பெரும் பங்கு உண்டு என்று 2007இல் கண்டார்கள். சிறிய உடலோடு தொடர்புள்ள அதன் ஒரு வடிவம் 54,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஓநாயிடமே இருந்தது என்று 2022இல் தெரிந்தது. மனிதர் நாயைப் பழக்குவதற்கு முன்பே அந்த வடிவம் இருந்திருக்கிறது. நடுத்தர உடல் கொண்ட தாயும் அதை ஒளித்துச் சுமந்து, ஒரே ஈத்தில் ஒரு குட்டியைச் சிறிதாகவும் இன்னொன்றைப் பெரிதாகவும் ஈனலாம்.