நூறு ரூபாவில் பதினைந்து எங்கே போகிறது? புக்கிங் டொட் கொம் வளர்ந்த கதையும் அதன் கணக்கும்

கடந்த பருவகாலம் முடியும் தறுவாயில் பொத்துவிலுக்குச் சென்றிருந்தபோது, எனது சாச்சாவின் மகன் ஒரு கணக்குக் கொப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். அறுகம்பையில் ஆறு அறைகள் கொண்ட சிறிய கெஸ்ட் ஹவுஸ் ஒன்றை நடத்துபவன். மூன்று நான்கு இணைய முன்பதிவுத் தளங்களில் தனது அறைகளைப் போட்டிருக்கிறான். கொப்பியில் ஒரு பக்கம் வந்த காசு, மறுபக்கம் கொமிஷனாகப் போன காசு.

"காக்கா, நீங்க கணக்குப் படிச்ச ஆள்தானே. 100 ரூபாக்கு 15 ரூபா இவனுகளுக்குப் போகுது. எங்கட ஊரில ஒரு கல்லக்கூட இவனுகள் வெச்சதில்ல. அந்தக் காசு எங்கதான் போகுது?"

அன்று என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. வீடு திரும்பியதும் இத்துறையின் மிகப் பெரிய நிறுவனமான புக்கிங் ஹோல்டிங்ஸின் வருடாந்த அறிக்கைகளை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனி என்பதால் அதன் கணக்குகள் எவரும் பார்க்கக்கூடியவை. எமது சமூகத்தில் கெஸ்ட் ஹவுஸ், வாகன வாடகை, சுற்றுலா வழிகாட்டல் என்று இத்துறையை நம்பியிருக்கும் குடும்பங்கள் ஏராளம் என்பதால், நான் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

கதை நெதர்லாந்தில் ஆரம்பிக்கிறது. 1996 இல் ஹீர்ட்-யான் புரூன்ஸ்மா என்ற இளைஞர் என்ஸ்கெடே நகரில் ஒரு சிறிய இணையத்தளத்தைத் தொடங்கினார். நெதர்லாந்து ஹோட்டல்களை இணையம் வழியாகப் பதிவு செய்துகொள்ளும் வசதி, அவ்வளவுதான். 2000 ஆம் ஆண்டில் இன்னொரு சிறிய தளத்துடன் அது இணைந்தது.

அதே காலத்தில் அமெரிக்காவில் பிரைஸ்லைன் என்ற கம்பனி பெரும் சத்தத்துடன் ஓடிக்கொண்டிருந்தது. ஜே வோக்கர் என்பவர் ஆரம்பித்தது. வாடிக்கையாளர் தான் கொடுக்க விரும்பும் விலையைச் சொல்ல, அந்த விலைக்கு விமான ஆசனத்தையோ ஹோட்டல் அறையையோ தேடிக் கொடுப்பதே அதன் வியாபாரம். 1999 மார்ச்சில் ஒரு பங்கு 16 டொலர் என்று சந்தைக்கு வந்தது. முதல் நாள் முடிவில் 69 டொலர். மளிகைப் பொருட்களையும் பெற்றோலையும் கூட இதே முறையில் விற்கலாம் என்று கிளம்பினார்கள். அந்த முயற்சி 2000 ஒக்டோபரில் இழுத்து மூடப்பட்டது. டொட் கொம் குமிழி வெடித்து அந்த வருடம் முடிவதற்குள் பங்கின் விலை ஒரு டொலர் சொச்சத்துக்கு வந்துவிட்டது. இந்தக் கம்பனி முடிந்தது என்றுதான் பலரும் எண்ணினார்கள்.

அதைக் காப்பாற்றியது ஐரோப்பா. 2004 இல் பிரித்தானியாவின் அக்டிவ் ஹோட்டல்ஸை 161 மில்லியன் டொலருக்கும், 2005 இல் நெதர்லாந்துத் தளத்தை 133 மில்லியன் டொலருக்கும் பிரைஸ்லைன் வாங்கியது. இன்று அந்த இரண்டாவது கொள்வனவின் பெயரே முழுக் குழுமத்துக்கும் சூட்டப்பட்டிருக்கிறது. 2018 இல் பிரைஸ்லைன் குழுமம் என்ற பெயர் புக்கிங் ஹோல்டிங்ஸ் என மாற்றப்பட்டது. இடையில் 2007 இல் தாய்லாந்தில் வளர்ந்த அகோடாவையும், பின்னர் கயாக், ஓப்பன்டேபிள் ஆகியவற்றையும் அது வாங்கியது. ஆகவே நம்மூர் கெஸ்ட் ஹவுஸ் உரிமையாளர் ஒருவர் புக்கிங்கையும் அகோடாவையும் போட்டியாளர்கள் என எண்ணி இரண்டிலும் அறைகளைப் போட்டிருந்தால், இரண்டு கொமிஷனும் கடைசியில் ஒரே பைக்குள்தான் விழுகிறது.

ஏன் இந்தத் தளம் வென்றது என்பதுதான் நான் அதிக நேரம் செலவழித்து யோசித்த விடயம். அப்போது அமெரிக்காவின் பெரிய தளங்கள் ஹோட்டல்களிடமிருந்து அறைகளைக் குறைந்த விலைக்குப் பேசி எடுத்து, கணிசமான இலாபம் வைத்து விற்றன. வாடிக்கையாளர் முற்பணம் கட்ட வேண்டும். பெரிய சங்கிலி ஹோட்டல்களுக்கு அது சரிப்பட்டு வந்தது. ஆனால் ஐரோப்பாவில் பெரும்பாலானவை குடும்பங்கள் நடத்தும் சிறிய ஹோட்டல்கள். அவர்களிடம் புக்கிங் சொன்னது மிக எளிமையான ஒன்று: விருந்தாளி உங்களிடம் வந்து தங்கி, உங்கள் கையிலேயே காசு கொடுக்கட்டும், அவர் போன பிறகு எங்களுக்குக் கொமிஷனைத் தாருங்கள். வராவிட்டால் ஒன்றும் வேண்டாம். எந்தச் சிறு முதலாளிதான் இதற்கு மறுப்புச் சொல்வார்? அறுகம்பையில் சேர்ந்தவர்களும் இதே காரணத்துக்காகத்தான் சேர்ந்தார்கள். வாடிக்கையாளருக்கும் முற்பணம் இல்லை, பல அறைகளுக்கு இலவசமாக இரத்துச் செய்யும் வசதி. பல மொழிகளில் தளம். இவற்றோடு கூகுள் தேடலில் விளம்பர இடம் வாங்குவதில் இவர்கள் மற்றவர்களை முந்திக்கொண்டார்கள்.

இனி கணக்குக்கு வருவோம். 2024 இல் இக்குழுமத்தின் தளங்கள் ஊடாக நடந்த மொத்த முன்பதிவுகளின் பெறுமதி ஏறக்குறைய 165.6 பில்லியன் டொலர். விற்கப்பட்ட அறை இரவுகள் 110 கோடிக்கும் மேல். அந்த 165.6 பில்லியனில் கம்பனியின் வருமானமாகப் பதிவானது 23.7 பில்லியன், அதாவது 100 க்கு 14 ரூபா 30 சதம் அளவில். மொத்தப் பெறுமதியில் விமான டிக்கெட்டும் வாடகைக் காரும் அடங்குவதால் இது ஹோட்டல் கொமிஷனின் துல்லியமான அளவல்ல. ஆனாலும் தம்பியின் கொப்பியில் இருந்த 15 க்கு இது வெகு தூரத்தில் இல்லை.

அந்த 14 ரூபா 30 சதத்தில் 4 ரூபா 40 சதம் விளம்பரத்துக்கு, வருடத்துக்கு 7.3 பில்லியன் டொலர். இதில் பெரும் பகுதி கூகுள் போன்ற தேடல் தளங்களுக்கே செல்கிறது. ஊழியர் சம்பளத்துக்கு ஏறக்குறைய 2 ரூபா. கடனட்டைக் கட்டணம், தொலைபேசிச் சேவை நிலையங்கள் முதலியவற்றுக்கு அதே அளவு இன்னொரு 2 ரூபா. தொழில்நுட்பம், வரி, வட்டி போன்றவை போக, நிகர இலாபமாக மிஞ்சுவது மூன்றரை ரூபா. டொலரில் சொன்னால் 5.9 பில்லியன்.

ஆக, கம்பனிக்கு மிஞ்சும் இலாபத்தை விட விளம்பரத்துக்குப் போவது அதிகம். "அறுகம்பை ஹோட்டல்" என்று ஒரு ஜேர்மன்காரர் தேடும்போது முதல் வரியில் வந்து நிற்பதற்கான வாடகை அது. புக்கிங்கின் முகாமைத்துவம் பல வருடங்களாகச் செய்ய முயல்வது, வாடிக்கையாளரை கூகுள் வழியாக அன்றி நேரடியாகத் தனது செயலிக்கு வரவைப்பதுதான். இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என் தம்பி புக்கிங் போன்ற தளங்களிடமிருந்து தப்பிக்கப் பார்க்கிறான். புக்கிங் கூகுளிடமிருந்து தப்பிக்கப் பார்க்கிறது.

இந்த வியாபாரம் எவ்வளவு பலமானது, எவ்வளவு பலவீனமானது என்பதை கொவிட் காட்டியது. 2019 இல் 15 பில்லியன் டொலராக இருந்த வருமானம் 2020 இல் 6.8 பில்லியனாகச் சரிந்தது. அவ்வருட நிகர இலாபம் 59 மில்லியன் மட்டுமே. அதுவும் சீனாவின் மெய்த்துவான் கம்பனியில் வைத்திருந்த பங்குகளின் விலை ஏறியதால் கிடைத்தது. ஊழியர்களில் நான்கில் ஒரு பங்கினர் வரை நீக்கப்படுவர் என அறிவிக்கப்பட்டது. நெதர்லாந்து அரசின் சம்பள உதவியையும் பெற்றுக்கொண்டு, அதே காலத்துக்கு உயர் அதிகாரிகளுக்குப் பெருந்தொகைக் கொடுப்பனவுகளும் வழங்கப்பட்ட செய்தி 2021 இல் வெளியானபோது அந்நாட்டில் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. இறுதியில் கம்பனி அந்த உதவியைத் திருப்பிச் செலுத்தியது.

நமது நாட்டின் நிலையையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். 2018 இல் 23 இலட்சத்துக்கும் அதிகமான சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். உயிர்த்த ஞாயிறு தாக்குதலும் கொவிட்டும் சேர்ந்து 2021 இல் அத்தொகை 2 இலட்சத்துக்கும் கீழே போனது. 2022 இன் பொருளாதார நெருக்கடியையும் தாண்டி 2024 இல்தான் மீண்டும் 20 இலட்சத்தைக் கடந்தோம். ஆனால் புக்கிங் 2022 இலேயே 17 பில்லியன் வருமானத்துடன் கொவிட்டுக்கு முந்திய அளவைத் தாண்டிவிட்டது. ஒரு நாட்டில் விழுந்தால் இன்னொரு நாட்டில் எழும் வியாபாரம் அது. ஆறு அறை வைத்திருப்பவனுக்கு அந்த வசதி கிடையாது.

இன்னொரு மாற்றத்தையும் நமது உரிமையாளர்கள் கவனிக்க வேண்டும். விருந்தாளி ஹோட்டலில் காசு கொடுக்கும் பழைய முறை சுருங்கி, தளமே காசை முதலில் வாங்கிக்கொண்டு பின்னர் ஹோட்டலுக்கு அனுப்பும் முறை பெருகியிருக்கிறது. இப்போது குழுமத்தின் வருமானத்தில் பாதிக்கும் மேல் இந்த வழியில் வருகிறது. இதில் நன்மையும் உண்டு: பதிவு செய்துவிட்டு வராமல் போகும் விருந்தாளியால் வரும் நட்டம் குறையும், கடனட்டை இயந்திரம் தேவையில்லை. ஆனால் முன்பு உங்கள் மேசை இலாச்சியில் அன்றே விழுந்த காசு, இப்போது சில காலம் அவர்களின் வங்கிக் கணக்கில் இருக்கிறது. வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே வாங்கி இன்னும் ஹோட்டல்களுக்குச் சேராத பணம் என்று சில பில்லியன் டொலர்கள் ஐந்தொகையில் தெரிகின்றன.

பங்கு வாங்கலாமா என்று கேட்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பனி தனது இலாபத்தில் பெரும் பகுதியையும், அதற்கு மேலும் செலவழித்து, சொந்தப் பங்குகளையே திரும்ப வாங்குகிறது. 2023 இல் மட்டும் அதற்கு 10 பில்லியன் டொலர். இதனால் ஐந்தொகையில் பங்குதாரர் மூலதனம் பூச்சியத்துக்குக் கீழே இருக்கிறது. வட்டிக்குப் பெற்ற கடன் 15 பில்லியனுக்கும் மேல். ஏறக்குறைய அதே அளவு ரொக்கமும் கையில் உண்டு. மார்க்க ரீதியான தீர்ப்பை உலமாக்களிடம் கேளுங்கள். கணக்கு இதுதான்.

ஐரோப்பாவில் அரசுகள் இப்போது விழித்துக்கொண்டிருக்கின்றன. ஹோட்டல் தனது சொந்தத் தளத்தில் புக்கிங்கை விடக் குறைந்த விலை போடக்கூடாது என்ற ஒப்பந்த வாசகத்தை பிரான்ஸ் 2015 இலேயே சட்டத்தால் தடை செய்தது. 2024 ஜூலையில் ஸ்பெயினின் போட்டி ஆணையம் ஹோட்டல்கள் மீது நியாயமற்ற நிபந்தனைகள் விதித்ததற்காக 413 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது; கம்பனி மேன்முறையீடு செய்வதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய டிஜிட்டல் சட்டத்தின் கீழும் புக்கிங் அதே வருடம் கொண்டுவரப்பட, அங்கே அந்த விலை நிபந்தனை நீக்கப்பட்டது. இவை ஐரோப்பிய ஹோட்டல்களுக்கான பாதுகாப்பு. பொத்துவிலில் இருப்பவருக்கு அவர் கைச்சாத்திட்ட ஒப்பந்தம்தான் சட்டம். அதை முழுமையாக வாசித்தவர்களை நான் அங்கே காணவில்லை.

மீண்டும் அவனைச் சந்தித்தபோது இந்தக் கணக்கையெல்லாம் சொன்னேன். பிறகு அவனது கொப்பியையே எடுத்து ஓர் அறையைக் கணக்கிட்டோம். விலை 10,000 ரூபா. அடிக்கடி பயணிக்கும் வாடிக்கையாளருக்கென 10 வீதத் தள்ளுபடித் திட்டத்தில் சேர்ந்திருப்பதால் 9,000. அதில் 15 வீதக் கொமிஷன் 1,350. கைக்கு வருவது 7,650. கொமிஷன் 15 என்று நினைத்துக்கொண்டிருந்தவன், உண்மையில் 100 க்கு 23 ரூபா 50 சதம் விட்டுக்கொடுத்திருக்கிறான். பட்டியலில் மேலே வர கூடுதல் கொமிஷன் கேட்கும் திட்டத்திலும் சேர்ந்திருந்தால் இன்னும் குறையும்.

தளத்தை விட்டு விலகு என்று நான் சொல்லவில்லை. முதல் தடவை வரும் வெளிநாட்டவர் அவனைக் கண்டுபிடிக்க வேறு வழி இல்லை. மே மாதத்தில் அறைகள் காலியாகக் கிடக்கும்போது தள்ளுபடியைத் திறந்துவைத்து, அலை உச்சத்தில் இருக்கும் ஜூலை, ஆகஸ்ட்டில் அதை மூடிவிடலாமே என்று மட்டும் கேட்டேன். சற்று யோசித்தவன், போனை எடுத்து அந்தத் திட்டத்தின் பக்கத்தைத் திறந்தான். இப்போது அவன் ஒவ்வொரு அறையிலும் தனது வட்ஸ்அப் இலக்கத்தை ஒரு சிறிய அட்டையில் எழுதி, மேசை மீது வைத்திருக்கிறான்.